நம்பிக்கையும் சூழ்ச்சியும்: யூதா அரசின் இறுதி நூற்றைம்பது ஆண்டுகள்

‘சூழ்ச்சி’ என்னுஞ் சொல் இக்காலத்திற் பெரும்பாலும் வஞ்சனை என்னும் பொருளிலேயே வழங்கி வருகின்றது. பழந்தமிழில் அஃது ஆராய்ந்து தெளிதல் என்னும் நற்பொருள் உடையதாய் நின்றது. திருக்குறளின் பொருட்பாலிலே சூழ்ச்சி என்பது வினை தொடங்குவோனுக்கு வேண்டப்படும் தேர்ந்த ஆலோசனையாகவே பேசப்படுகின்றது. ஒரு காலத்தில் அறிவின் பெயராய் இருந்த சொல் பிறிதொரு காலத்தில் வஞ்சத்தின் பெயராய் மாறியமை சிந்தித்தற்குரியது. மனிதன் தன் காரியத்தை எண்ணிச் செய்தல் குற்றமாகாது. அவ்வெண்ணம் எதனை அடிநிலையாகக் கொண்டு எழுகின்றது என்பதிலேயே அதன் நன்மையுந் தீமையும் அடங்கியுள்ளன. இறைவன் அளித்த வாக்கை நம்பி நிற்பதா, மனிதர் வகுக்கும் உபாயங்களைப் பற்றி நிற்பதா என்னும் வினா பக்தி நூல்களுக்கு மட்டும் உரியதன்று. அரசுகளின் வாழ்வுந் தாழ்வும் அதனைப் பொறுத்து நின்ற காலங்களும் உண்டு. கி.மு. 8 ஆம் நூற்றாண்டு தொடக்கம் 6 ஆம் நூற்றாண்டு வரை யூதா என்னுஞ் சிறு நாட்டின் அரசவையில் அவ்வினா மும்முறை எழுந்தது. அம்மூன்று வேளைகளையும் ஒருங்கே வைத்து நோக்குவார்க்கு, நம்பிக்கை என்பது யாது என்பதும், நம்பிக்கை போலத் தோன்றி அஃதல்லாதது யாது என்பதும் தெளிவாகும்.

சாலமோன் மன்னனுக்குப் பின், கி.மு. 930 ஐ அடுத்த காலத்தில், எபிரேயரின் அரசு இரண்டாகப் பிளவுற்றது. வடக்கே இசுரவேல் என்னும் பெயருடன் எழுந்த அரசு பின்னர்ச் சமாரியாவைத் தலைநகராகக் கொண்டது. தெற்கே எருசலேமைத் தலைநகராகக் கொண்டு யூதா நிலைத்தது. யூதாவில் தாவீதின் வழியினர் ஆண்டனர். அக்குலத்தின் அரியணை நிலைத்திருக்கும் என்று இறைவன் வாக்களித்தான் என்பது அந்நாட்டு மக்களின் அடிப்படை நம்பிக்கை. சீயோன் மலைமேல் இருந்த ஆலயம் அவ்வாக்கின் கண்கண்ட அடையாளமாகப் போற்றப்பட்டது. ஆயின் நாட்டின் இருப்பிடம் அமைதிக்கு ஏற்றதாய் இருக்கவில்லை. தென்மேற்கே நைல் நதி நாடாகிய எகிப்து. வடகிழக்கே தைகிரிசு, யூபிரத்தீசு என்னும் நதிகளின் நாடு. இவ்விரு பெருநாடுகளுக்குமிடையே படைகளும் வணிகருஞ் செல்லும் வழி மத்தியதரைக் கடலை ஒட்டியே சென்றது. அவ்வழியை அண்டியிருந்த சிற்றரசுகள் பெருநாடுகள் தளர்ந்திருந்த காலங்களிலேயே தலைநிமிர்ந்து வாழ்ந்தன.

கி.மு. 745 இல் மூன்றாந் திகிலாத்பிலேசர் அசீரியாவின் அரியணை ஏறினான். சிற்றரசுகளின் நற்காலம் அத்துடன் முடிவுற்றது. அவனும் அவன் பின்வந்தோருங் கையாண்ட முறை படிப்படியானது. முதலிற் கப்பம் பெறுவர். கப்பங்கட்டத் தவறிய அரசனை நீக்கித் தமக்கு இணங்கிய ஒருவனை அமர்த்துவர். மீண்டுங் கிளர்ச்சி எழுமாயின் அந்நாட்டைத் தம் மாகாணமாக்கிக்கொண்டு, குடிகளைப் பெயர்த்துத் தொலைதூரத்திற் குடியேற்றுவர். பெயர்க்கப்பட்ட மக்கள் காலப்போக்கிற் பிற மக்களுடன் கலந்து தம் பெயரையும் இழப்பர். ஆகவே, அசீரியாவை எதிர்ப்பதா, பணிவதா என்பது ஒவ்வொரு சிற்றரசனுக்கும் தன் மக்களின் இருப்பையே பணயமாக வைத்த வினாவாயிற்று.

இக்காலத்து வரலாற்றை அறிதற்கு இருவகைச் சான்றுகள் உள. ஒன்று எபிரேயரின் திருநூற்றொகுதி. சிறப்பாக அரசர்களின் வரலாறு கூறும் நூலும், ஏசாயா, எரேமியா முதலிய தீர்க்கதரிசிகளின் பெயரால் வழங்கும் நூல்களும். மற்றையது அசீரிய, பாபிலோனிய மன்னர்களின் ஆப்பெழுத்துச் சாசனங்கள். முன்னவை நாடு அழிந்த பின்னர், அவ்வழிவின் காரணத்தை ஆராய்ந்த பக்தர்களாற் பெரும்பாலுந் தொகுக்கப்பெற்றவை. பின்னவை மன்னரின் வெற்றியைப் புகழ்ந்து கூறவே எழுந்தவை. இருதிறத்தாருந் தத்தம் நோக்குடனேயே எழுதினர். எனினும் ஒன்றையொன்று அறியாத இவ்விரு சான்றுகளும் பல இடங்களில் ஒத்துச் செல்வதனால், அக்கால நிகழ்ச்சிகளின் உருவம் ஓரளவு தெளிவாகவே புலப்படுகின்றது.

முதல் வேளை கி.மு. 735 ஐ அண்டி வந்தது. தமஸ்கு நகரத்து அரசன் இரேசீனும், இசுரவேல் அரசன் பெக்காவும் அசீரியாவுக்கு எதிராக ஓர் அணி வகுத்தனர். யூதா அவ்வணியிற் சேரவில்லை. அதனாற் சினமுற்ற அவ்விருவரும் எருசலேமின் மேற் படையெடுத்தனர். அப்போது யூதாவை ஆண்ட ஆகாசை நீக்கி, தமக்கு உடன்பட்ட வேறொருவனை அரசனாக்குவதே அவர்கள் நோக்கம். செய்தி கேட்ட அரசனும் மக்களும் நடுங்கினர். ஆகாசு நகருக்கு வெளியே, வண்ணார் துறைக்குச் செல்லும் வழியில், மேற்குளத்து நீர்க்காலின் அருகே நின்றபோது ஏசாயா அவனைச் சந்தித்தார். முற்றுகைக்கு முன் நகரின் நீர்நிலையைப் பார்வையிடவே அரசன் அங்கே சென்றிருந்தான் போலும்.

ஏசாயா கூறிய அறிவுரை சுருக்கமானது. அஞ்சவேண்டாம்; அமைதியாய் இரு; எதிர்த்து வரும் அரசர் இருவரும் எரிந்து முடிந்து புகையுங் கொள்ளிகள் போன்றவர் என்றார் அவர். எபிரேய மொழியில் நம்புதல், நிலைத்து நிற்றல் என்னும் இரண்டு கருத்துக்கும் பகுதி ஒன்றே. வழிபாட்டின் முடிவிற் கிறித்தவர் கூறும் ‘ஆமென்’ என்னுஞ் சொல்லும் அப்பகுதியிலிருந்தே பிறந்தது. அச்சொல்லின் இரு பொருளையும் இணைத்து, நம்பாத அரசன் நிலைக்கமாட்டான் என்னுங் கருத்துப்பட ஏசாயா எச்சரித்தார். வேண்டுமாயின் ஓர் அடையாளங் கேள் என்றும் கூறினார். இறைவனைச் சோதிக்கமாட்டேன் என்று ஆகாசு மறுத்தான். சொல்லளவில் அது பணிவுடைய விடை. ஆனால் அவன் மனத்தில் வேறொரு முடிவு முன்னரே உருவாகியிருந்தது. பக்தி மொழி இங்கே முடிவை மறைக்கும் திரையாகவே பயன்பட்டது.

அம்முடிவு யாதெனில், அசீரியாவின் உதவியை விலை கொடுத்து வாங்குதல். ஆலயத்திலும் அரண்மனையிலும் இருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்துத் திகிலாத்பிலேசருக்கு அனுப்பி, தன்னை அவனுக்கு அடியவனென்றும் மகனென்றும் ஆகாசு கூறிக்கொண்டான். நினைத்தது நடந்தது. அசீரியர் இசுரவேலின் வடபகுதியைக் கைப்பற்றினர், கி.மு. 732 இல் தமஸ்கு வீழ்ந்தது, இரேசீன் கொல்லப்பட்டான், பெக்காவுந் தன் நாட்டவன் ஒருவனாற் கொலையுண்டான். யூதாவின் பகைவர் இருவரும் மூன்றாண்டுள் ஒழிந்தனர். ஆகாசு தமஸ்குவுக்குச் சென்று வெற்றிவேந்தனை வணங்கினான். அங்கே கண்ட பலிபீடமொன்றின் அமைப்பை எழுதி அனுப்பி, எருசலேம் ஆலயத்தில் அதுபோன்ற ஒன்றைக் கட்டுவித்தான். பழைய வெண்கலப் பலிபீடம் ஒரு பக்கத்திற்கு ஒதுக்கப்பட்டது. திகிலாத்பிலேசரின் சாசனமொன்றிலே, கப்பங்கட்டிய சிற்றரசர் வரிசையில் யூதாவின் அரசன் பெயருங் காணப்படுகின்றது.

ஆகாசின் செயலை முற்றாக இகழ்தல் வரலாற்று நேர்மையாகாது. அவன் பணிந்தான், நாடு பிழைத்தது. பணிய மறுத்துப் பின்னர்க் கிளர்ந்த சமாரியா கி.மு. 722 ஐ அண்டி வீழ்ந்தது. அங்கிருந்து 27,000 பேருக்கு மேற்பட்டோரைச் சிறைகொண்டு சென்றதாக இரண்டாஞ் சார்கோன் தன் சாசனத்திற் பெருமை பேசுகின்றான். இவற்றை நோக்கி, ஆகாசே நடைமுறை அறிந்தவன் என வாதிப்பாரும் உளர். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. தமஸ்குவும் சமாரியாவும் அசீரியாவை எதிர்த்து அணிவகுத்தவை. அவற்றை அடக்கத் திகிலாத்பிலேசர் எவ்வாற்றானும் வருதல் திண்ணம். தானே நடக்கவிருந்த ஒன்றுக்கு ஆகாசு ஆலயத்துப் பொருளையும் நாட்டின் உரிமையையும் விலையாகக் கொடுத்தான். அமைதியாய் இரு என்று ஏசாயா கூறியது அரசியல் அறியாதவரின் பேச்சன்று. அச்சத்தாற் கலங்காத கண்ணுக்கு அரசியலுந் தெளிவாகத் தெரியும் என்பதற்கு அஃதோர் எடுத்துக்காட்டு. அன்றியும், காவலனென அழைக்கப்பட்ட அசீரியனே பின்னர் யூதாவின் கழுத்தளவுக்கு ஏறிய வெள்ளமானான்.

இரண்டாம் வேளை ஆகாசின் மகன் எசேக்கியாவின் காலத்தது. எசேக்கியா இறைபக்தி மிக்கவன்; வழிபாட்டைச் சீர்திருத்தியவன். எனினுந் தந்தை அசீரியாவிடங் கண்ட புகலை மகன் எகிப்தினிடந் தேடத் தலைப்பட்டான். முன்னரே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. கடலோர நகராகிய அசுதோத்து, எகிப்தின் உதவியை எதிர்பார்த்துக் கிளர்ந்து, கி.மு. 711 இற் சார்கோனின் படைக்கு வீழ்ந்தது. அக்கிளர்ச்சிக் காலத்தில் ஏசாயா போர்க்கைதியின் கோலத்தில் ஆடையும் பாதணியுமின்றி மூன்றாண்டு நடமாடினார். எகிப்தை நம்புவார்க்கு வருங்கதி இதுவென்று காட்டினார். எகிப்துப் பக்கம் ஓடிப் புகலடைந்த அசுதோத்துத் தலைவனை, அந்நாட்டை அக்காலத்து ஆண்ட கூசு மன்னன் விலங்கிட்டு அசீரியரிடமே ஒப்படைத்தான் என்பது சார்கோனின் சாசனங்களால் அறியப்படும் உண்மை.

கி.மு. 705 இற் சார்கோன் போர்க்களத்தில் மாண்டான். அவனுடலும் மீட்கப்படவில்லை. பேரரசெங்குங் கிளர்ச்சி மூண்டது. பாபிலோனில் மெரோதாக்பலாதான் எழுந்தான். அவனுடைய தூதர் எருசலேமுக்கு வந்தபோது எசேக்கியா தன் பொக்கிசசாலை முழுவதையுந் திறந்து காட்டினான். யூதாவின் தூதர் ஒட்டகங்களிலுங் கழுதைகளிலும் பொருள் ஏற்றிக்கொண்டு தென்பாலைவழியே எகிப்துக்குச் சென்றனர். எகிப்தின் குதிரைகள் வெறும் மாமிசமென்றும், எகிப்தியர் மனிதரேயன்றித் தெய்வமல்லரென்றும், யூதாவின் ஆற்றல் அமைதியிலும் நம்பிக்கையிலுமே உள்ளதென்றுங் கருத்துப்பட ஏசாயா இடித்துரைத்தார். அரசவை அதனைச் செவிமடுக்கவில்லை.

எசேக்கியாவின் ஆயத்தங்கள் வியக்கத்தக்கவை. கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள்ளே கொணரப் பாறையைக் குடைந்து ஏறக்குறைய 1,750 அடி நீளமான சுரங்கக் கால்வாய் அமைக்கப்பட்டது. இரு முனைகளிலிருந்துங் குடைந்து வந்த தொழிலாளர் நடுவிலே ஒருவரையொருவர் சந்தித்த செய்தியைக் கூறும் எபிரேயக் கல்வெட்டு 1880 இல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. அஃது இன்று இசுதான்புல் நூதனசாலையில் உள்ளது. அக்கால்வாய் எசேக்கியாவின் காலத்ததென்பதே அறிஞர் பெரும்பாலோர் கருத்து. 1970களில் நாமான் அவிகாத் என்னும் அகழ்வாராய்ச்சியாளர் ஏறக்குறைய 23 அடி அகலமுள்ள மதிலொன்றை வெளிப்படுத்தினார். குடியிருந்த வீடுகளை இடித்து அவற்றின் மேலேயே அம்மதில் எழுப்பப்பட்டிருந்தது. மதிலுக்காக வீடுகள் இடிக்கப்பட்டமையை ஏசாயா நூலுங் குறிப்பிடுகின்றது. இவ்விடத்திலே தீர்க்கதரிசியின் குற்றச்சாட்டை நுணுகி நோக்குதல் வேண்டும். கால்வாய் வெட்டியதையோ, மதில் கட்டியதையோ அவர் பாவமென்றாரில்லை. அவற்றையெல்லாஞ் செய்தவர்கள் அவற்றுக்கு மூலமானவனை நோக்காது விட்டனர் என்பதே அவர் கண்ட குறை. ஊற்றை மனிதர் திருப்பலாம். ஊற்று மனிதராற் படைக்கப்பட்டதன்று. முயற்சிக்கும் நம்பிக்கைக்கும் பகையில்லை. முயற்சியே தெய்வமாகும்போதுதான் பகை தோன்றுகின்றது.

கி.மு. 701 இற் சார்கோனின் மகன் சனகெரிபு படையுடன் வந்தான். சீதோன் அரசன் ஓடினான். உதவிக்கு வந்த எகிப்துப் படை கடலோரச் சமவெளியில் எதிர்த்து நின்று தோற்றது. யூதாவின் அரணுடைய நகரங்கள் 46 ஐப் பிடித்ததாகவும், 2,00,150 பேரைச் சிறைகொண்டதாகவும், எசேக்கியாவை அவனுடைய தலைநகரிலேயே கூண்டுப் பறவை போல் அடைத்துவிட்டதாகவும் சனகெரிபு தன் சாசனத்திற் கூறுகின்றான். இத்தொகை மிகைப்படுத்தப்பட்டதெனக் கருதுவோர் உளர். அழிவு பெரிதென்பதில் ஐயமில்லை. அச்சாசனம் பொறித்த மண்பட்டகங்களுள் ஒன்று 1830 இல் நினிவேயிற் கிடைத்து, இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. இலாகீசு நகரின் வீழ்ச்சி நினிவே அரண்மனைச் சுவர்களிற் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டது. மதிலை நோக்கி ஏறும் முற்றுகை மேடு, மூட்டைகளுடன் வெளியேறும் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும், அரியணையில் வீற்றிருக்கும் சனகெரிபு ஆகிய யாவும் அங்கே காணப்படுகின்றன. அம்முற்றுகை மேடு இலாகீசிலே இன்றும் உள்ளது.

எசேக்கியா பணிந்து கப்பம் அனுப்பினான். பொன் 30 தாலந்து என்பதில் எபிரேய நூலும் அசீரியச் சாசனமும் ஒத்துள்ளன. வெள்ளி 300 தாலந்து என முன்னதும், 800 தாலந்து எனப் பின்னதுங் கூறும். ஆலயக் கதவுகளிற் பதித்திருந்த பொன்னையும் அவன் பெயர்த்தெடுத்தான் என அரசர் நூல் மறைக்காது உரைக்கின்றது. எகிப்து கைவிட்டது, பொன்னுங் கொடுத்தாயிற்று, அதன் பின்னரே நம்பிக்கையின் வேளை வந்தது. அசீரிய அதிகாரியாகிய ரப்சாக்கே எருசலேமின் சரணடைவை நாடி வந்து நின்ற இடம், வண்ணார் துறை வழியில் உள்ள அதே மேற்குளத்து நீர்க்கால். முப்பதாண்டுக்கு மேலாகிய முற்காலத்தில் ஆகாசுக்கு ஏசாயா அறிவுரை கூறிய இடமும் அதுவே. தந்தை அழைத்த காவலன் மகனுடைய வாயிலிற் பகைவனாய் நின்றான். ரப்சாக்கே கூர்த்த அறிவினன். அரமேய மொழியிற் பேசுமாறு யூதாவின் அதிகாரிகள் வேண்டியும், மதில்மேல் நின்ற மக்களுக்கு விளங்கும்படி யூதாவின் மொழியிலேயே உரத்துப் பேசினான். எகிப்து ஊன்றுவோன் கையைக் குத்தும் முறிந்த நாணல் என்றான். ஏறிச் செல்ல வீரர் இருப்பின் 2,000 குதிரைகள் தருவதாக ஏளனஞ் செய்தான். எகிப்தைப் பற்றி அவன் கூறியது ஏசாயா கூறியதே. ஆனால் இறைவனையும் அவ்வரிசையில் வைத்து, வேறு நாட்டுத் தெய்வங்கள் தத்தம் நாட்டைக் காத்தனவோ என்று அவன் கேட்டபோதே வினா முழுமையுற்றது.

எசேக்கியா அசீரியரின் ஓலையை ஆலயத்தில் இறைவன் முன் விரித்து வைத்து வேண்டினான். நகரினுள் பகைவன் நுழையமாட்டான் என்று ஏசாயா உறுதி கூறினார். ஓரிரவில் அசீரியப் பாளையத்தில் 1,85,000 பேர் மாண்டனர் என எபிரேய நூல் கூறும். எகிப்தின் எல்லையிற் சனகெரிபின் படையினரது வில்நாண்களை எலிகள் கடித்தழித்தன என்றொரு கதையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரொதோத்தசு கூறுகின்றார். கொள்ளைநோய் என்பர் சிலர். கப்பம் பெற்றதே போதுமென மீண்டான் என்பர் வேறு சிலர். எங்ஙனமாயினும், எருசலேமைப் பிடித்ததாகச் சனகெரிபு யாண்டுங் கூறவில்லை. இலாகீசைச் சுவரிற் செதுக்கியவன் எருசலேமைச் செதுக்கவில்லை. கி.மு. 681 இல் அவன் தன் மகனாலேயே கொல்லப்பட்டான்.

நகர் தப்பியது உண்மை. ஆனால் நாடு பாழாயிற்று. வெள்ளரித் தோட்டத்துக் காவற்கொட்டில் போல எருசலேம் தனித்து நின்ற நிலையை ஏசாயா நூல் உருவகித்துக் காட்டுகின்றது. எசேக்கியாவின் மகன் மனாசே அசீரியாவுக்குக் கப்பங்கட்டியே ஆண்டான். இறைவாக்கை நம்பியதனால் இழப்பே நேராது என்று இவ்வரலாறு கூறவில்லை. உபாயங்களெல்லாம் முறிந்த பின்னரும் பற்றத்தக்க ஒன்று உண்டு என்பதையே அது கூறுகின்றது. எனினும் பின்வந்த தலைமுறையினர் இந்நுட்பத்தை உணராது போயினர். எருசலேம் ஒருபோதும் வீழாது என்னுங் கொள்கையே அவர்கள் மனத்தில் நிலைபெற்றது. ஏசாயா நூலின் நடுவிலமைந்த வரலாற்றுப் பகுதியில், எசேக்கியா கப்பம் அனுப்பிய செய்தி இடம்பெறாமை குறிப்பிடத்தக்கது. தோல்வி மறக்கப்பட்டது, அற்புதமே நினைவில் நின்றது.

மூன்றாம் வேளையின் கேடு இம்மறதியிலேயே தொடங்கியது. கி.மு. 612 இல் நினிவே வீழ்ந்தது. கி.மு. 605 இற் கார்க்கேமிசுப் போரிலே எகிப்தை முறியடித்து, பாபிலோனின் நேபுகாத்நேச்சார் மேலாசியாவின் தலைவனானான். ஏறக்குறைய அக்காலத்தில், யோயாக்கீம் மன்னனின் ஆட்சித் தொடக்கத்தில், எரேமியா ஆலய முற்றத்தில் நின்று பேசினார். ஆலயம் இருக்கின்றதென்ற சொல்லை மந்திரம் போல் உருவிட்டுக்கொண்டு, அந்நியரையும் அநாதைகளையும் விதவைகளையும் ஒடுக்குவோர்க்கு அவ்வாலயம் அரணாகாது என்றார். முற்காலத்துச் சீலோ ஆலயம் அழிந்ததை நினைவூட்டினார். மதகுருமாரும் வேறு தீர்க்கதரிசிகளும் அவருக்கு மரணதண்டனை கோரினர். அப்போது முதியோர் சிலர் எழுந்து, எசேக்கியாவின் காலத்திலும் மீகா என்பவர் சீயோன் உழுநிலமாகுமென்று கூறினாரென்றும், எசேக்கியா அவரைக் கொல்லாது இறைவனுக்கு அஞ்சி வேண்டினானென்றும் எடுத்துக்காட்டினர். எரேமியா உயிர் தப்பினார். அம்முதியோர் கூறியதே உண்மையான நினைவு. கி.மு. 701 இல் எருசலேம் பிழைத்தமைக்கு அதன் கற்கள் காரணமல்ல. கண்டனத்தைக் கேட்டுத் தலைவணங்கிய ஓர் அரசன் இருந்தான் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

கி.மு. 597 இல் எருசலேம் முதன்முறை பாபிலோனியருக்குப் பணிந்தது. இளவரசன் யோயாக்கீன் அரியணை ஏறிய மூன்று திங்களிற் சிறைபோனான். சிதேக்கியா அவ்விடத்தில் அமர்த்தப்பட்டான். அரசவையார் மீண்டும் எகிப்தை நாடினர். அனனியா என்னுந் தீர்க்கதரிசி, இரண்டாண்டுள் பாபிலோனின் நுகம் முறியுமென்று இறைவன் பெயரால் வாக்களித்தான். மக்கள் விரும்பிய வாக்கு அதுவே. எரேமியாவோ பாபிலோனுக்குப் பணியுமாறு கூறினார். முற்காலத்து ஏசாயாவின் சொல்லை வைத்து நோக்கினால் அனனியாவே அவர் வழியினன் போலத் தோன்றுவான். ஆனால் ஏசாயாவின் வாக்கு நீதியைக் கோரியது. அனனியாவின் வாக்கு எதனையுங் கோரவில்லை. கேட்போனிடத்தில் எந்த மாற்றத்தையும் வேண்டாத வாக்குறுதி, மனிதர் தம் விருப்பத்துக்குச் சூட்டிய தெய்வப் பெயரே.

இதனை ஐயமற விளக்கும் நிகழ்ச்சி முற்றுகையின்போது நடந்தது. கி.மு. 588 ஐ அண்டி நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை வளைத்தது. முன்னை நாளின் அற்புதம் மீண்டும் நிகழுமோ என்று கேட்டுச் சிதேக்கியா எரேமியாவிடம் ஆளனுப்பினான். நிகழாது என்பதே விடையாயிற்று. அவ்வேளையில் அரசனும் பிரபுக்களும் ஆலயத்தில் உடன்படிக்கை செய்து, கடனுக்காக அடிமைப்பட்டிருந்த தம் இனத்து ஆண்களையும் பெண்களையும் விடுதலை செய்தனர். அது பழைய சட்டம் விதித்த அறம். பலகாலம் மறந்து விடப்பட்டிருந்தது. பின்னர் எகிப்துப் படை புறப்பட்டதென்ற செய்தி வந்தது. பாபிலோனியர் முற்றுகையைத் தளர்த்தி அதனை எதிர்க்கச் சென்றனர். ஆபத்து நீங்கிற்றெனக் கண்ட பிரபுக்கள், விடுதலை பெற்றவர்களை மீண்டும் பிடித்து அடிமைகளாக்கினர். எரேமியாவின் சினம் எல்லை கடந்தது. ஆகாசு அசீரியனைக் கொண்டு காரியஞ் சாதிக்க எண்ணினான். இவர்கள் இறைவனையே ஒரு நேசநாடாகக் கொண்டு காரியஞ் சாதிக்க எண்ணினர். படை திரும்பியதும் அறத்துக்கும் வேலையில்லை. நம்பிக்கையே சூழ்ச்சியின் கருவியாகிவிட்ட நிலை இது.

எகிப்துப் படை நிலைக்கவில்லை, முற்றுகை தொடர்ந்தது. இலாகீசில் 1935 இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஓட்டுத்துண்டு மடல்களுள் ஒன்று, தாம் இலாகீசின் தீ அடையாளத்தைப் பார்த்திருப்பதாகவும் அசேக்காவைக் காணமுடியவில்லையெனவுங் கூறுகின்றது. நகரங்கள் ஒவ்வொன்றாய் அணைந்த காட்சியை அச்சிறு மடல் கண்முன் நிறுத்தும். கி.மு. 587 இல், அல்லது 586 இல், எருசலேமின் மதில் உடைந்தது. ஆலயம் எரிந்தது. சிதேக்கியாவின் கண்முன்னே அவன் மக்கள் கொல்லப்பட்டனர். அதன்பின் அவன் கண்கள் பிடுங்கப்பட்டன.

நகர் வீழ்தற்கு முந்திய நாள்களில், எரேமியா காவற்கூட முற்றத்தில் அடைபட்டிருந்தார். அவர் உறவினன் ஒருவன் வந்து, அனதோத்து என்னும் ஊரில் உள்ள தன் காணியை வாங்குமாறு வேண்டினான். அவ்வூர் எருசலேமுக்கு அண்மையில், பாபிலோனியர் பரந்திருந்த நாட்டுப்புறத்திலே கிடந்தது. அதன் மண் அன்று எவருக்கும் பயன்படாதது. எரேமியா 17 செக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் முன் உறுதி முடித்தார். அவ்வுறுதியை நெடுங்காலம் பழுதின்றி இருக்கும்படி மட்பாண்டத்தில் வைக்கச் செய்தார். அந்நாட்டிலே மீண்டும் வீடும் வயலுந் தோட்டமும் விலைப்படும் என்னும் இறைவாக்கே அவருக்கு ஆதாரம். அக்காணியை அவர் உழுது பயன்கொள்ளவில்லை; தம் விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கி.மு. 539 இற் பாரசீகத்துச் சைரசு பாபிலோனைக் கைப்பற்றியபின் யூதாவின் மக்கள் மீள்வதற்கு வழி திறந்தது. கி.மு. 515 ஐ அண்டி ஆலயம் மீண்டும் எழுந்தது.

மூவேளையிலுங் கூறப்பட்ட அரசியல் அறிவுரைகள் வேறு வேறு. ஆகாசுக்கு அசீரியாவை அழையாதே என்றும், எசேக்கியாவுக்குச் சரணடையாதே என்றும், சிதேக்கியாவுக்குச் சரணடை என்றும் தீர்க்கதரிசிகள் கூறினர். ஆதலின், இறைவாக்கை நம்புதல் என்பது எக்காலத்துக்கும் பொருந்தும் ஓர் அரசியற் சூத்திரத்தை மனனஞ் செய்தலன்று. மூன்றிலும் மாறாது நின்றவை இரண்டு: அச்சத்தினால் உந்தப்பட்டு வலியாரிடம் தன்னை விற்றல் கூடாது என்பது ஒன்று, வாக்களித்தவன் வேண்டும் அறத்தை விட்டு வாக்கை மட்டும் பற்றல் கூடாது என்பது மற்றொன்று. ஆகாசு முன்னதில் தவறினான். சிதேக்கியாவின் பிரபுக்கள் இரண்டிலுந் தவறினர். எசேக்கியா தடுமாறினான், ஆயினுந் திரும்பினான். எரேமியா தமக்கு இலாபம் ஒன்றுமில்லாத இடத்தில் 17 செக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சூழ்ச்சி என்னுஞ் சொல் இழந்த பழம்பெருமையை மீண்டும் அடைய வேண்டுமாயின், எண்ணிச் செய்யுஞ் செயல் யாவும் அத்தகைய நம்பிக்கையின்மேல் நிற்றல் வேண்டும். கால்வாய் வெட்டுக, மதிலுங் கட்டுக, ஊற்றைத் தந்தவனையும், அவன் பேரால் விடுதலை பெற்ற எளியோரையும் மறவாதிருக்க. யூதாவின் நூற்றைம்பது ஆண்டுகள் உணர்த்தும் படிப்பினை இதுவேயாம்.